பதினோரு முரட்டுக் கார்டுகள்

மூன்றாவது மாடியில் தன் கணவன் இன்னொருத்தியோடு சண்டை போடும் சத்தம் கேட்டால் எந்த மனைவிக்கும் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருக்கும். சப்ளை அக்காவுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அவள் உட்கார்ந்திருந்தது இரண்டாவது மாடியில், சார்ஜர் பிரிவில். மாடிப்படிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். அதன் அடியில் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். காற்று வரட்டும் என்று பிரிவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஏசி போட்ட அறைக்கு எதற்குக் காற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு நல்லபடியாகத் திரும்பிப் போகக்கூடிய முகமாக அந்த மாதம் அவள் முகம் இல்லை.

மேலேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் இறங்கி வந்தது.

"நூத்தி இருபது மில்லிவோல்ட் விழுது, லெவல். இதைப் போய் பரவால்லன்னு சொல்றீங்க."

"எங்க வச்சு அளந்த நீ? கார்டு ஹோல்டர் காலுலயா? அது என் ஏரியா."

"கார்டு அங்கதானே சாப்பிடுது. அப்ப அங்கதானே அளக்கணும்."

"அங்க இடமே இல்லம்மா. எங்க கொண்டுபோய் கெப்பாசிட்டர் வைப்ப?"

"உங்க ரெண்டு ரெசிஸ்டரைத் தள்ளி வைங்க. அரிசி அளவு இடம் போதும் எனக்கு."

"முடியாது."

"முடியும்."

கடைசியில் அவன் சரி என்றான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சண்டையையாவது அக்கா போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அந்தச் சிரிப்பை மன்னிக்க அவள் தயாராக இல்லை.

விஷயம் என்னவென்றால், ஃபோனுக்குள் சிம் கார்டு மட்டும் வெளியிலிருந்து வந்து சேர்வது. மற்றதெல்லாம் ஃபோனோடு பிறந்தவை. வந்து சேர்கிற கார்டு புதுசாக இருந்தால் ஒன்று புள்ளி எட்டு வோல்ட் கேட்கும், பழசாக இருந்தால் மூன்று கேட்கும். ஃபோனின் சிப் பேசுவதோ அதற்கெல்லாம் கீழே. ஆகவே கார்டு கேட்கிற வோல்ட்டை ஆடாமல் அசையாமல் கொடுப்பதற்கு ஒரு சுற்று வேண்டும். சிப் முணுமுணுப்பதைக் கார்டுக்குக் கேட்கும்படி உயர்த்தவும், கார்டு உரக்கச் சொல்வதைச் சிப்பின் காது கிழியாதபடி தணிக்கவும் இன்னொரு சுற்று வேண்டும். முதல் சுற்றைச் செய்கிறவள் சப்ளை. இரண்டாவதைச் செய்கிறவன் லெவல். இதெல்லாம் லேபில் வைத்த பெயர்கள். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயர்களை இப்போது ஆபீஸில் யாரும் சொல்வதில்லை.

ஒன்பது வருஷம் அவர்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். போர்டின் வரைபடத்தில் நடுவே ஒரு புள்ளிக்கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வோல்ட்டை நிலையாக வைக்கிற அவளுடைய ரெகுலேட்டரும், அவசரத்துக்கு மின்சாரம் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரும். அந்தப் பக்கம் அவனுடைய லெவல் ஷிஃப்டரும் கார்டைச் செருகும் ஹோல்டரும். ஒருவர் பக்கத்தில் மற்றவர் கை வைப்பதில்லை, அளக்கிற ப்ரோப்பின் முனையைக்கூட வைப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். சமையலறை மேடை அவனுடையது, துணி அலமாரி அவளுடையது. அவன் உப்பைக் கூடப் போட்டால் அவள் பேசாமல் சாப்பிடுவாள், அவள் சட்டையைச் சுருங்க மடித்தால் அவன் பேசாமல் போட்டுக்கொள்வான். நாங்கள் சண்டையே போட்டதில்லை என்று சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அக்கா விடமாட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் லேப் தலைவர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கெட்ட செய்தியை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்.

"சார்ஜர் சூடாகுது, ஆள் பத்தல. அனுபவம் உள்ள கை வேணும். புது ஃபோனோட சிம் சப்ளையைப் புதுசா வந்திருக்கிற பொண்ணு பாக்கட்டும். சரியா வரலன்னா நீங்களே திரும்பி வந்துடுங்க."

மற்றதையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு, கடைசி வாக்கியத்தை மட்டும் அக்கா பத்திரமாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சரியாக வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

புதுசாக வந்த பெண் முதல் வாரமே மில்லிவோல்ட் மில்லிவோல்ட் என்று எல்லோர் உயிரையும் வாங்கியதால் மில்லி ஆனாள். ஆள் ஒல்லி, குரல் பெரிசு. அக்காவைப் பார்த்தால் வாய் நிறைய அக்கா என்பாள். அக்காவின் கணவனை மட்டும் அண்ணா என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை, மொட்டையாக லெவல் என்றாள். எனக்கு வயசாகிவிட்டது, அவனுக்கு ஆகவில்லையா என்று அக்கா முதல் நாளே கணக்கில் வைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து தங்கைக்கு ஃபோன் போட்டாள். தங்கைக்குப் பல் டாக்டரிடம் வேலை. இரண்டு பல்லுக்கு நடுவில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில்தான் பேசுவாள்.

"அவன் பக்கத்துலயே ப்ரோப் வைக்கிறாடி. நான் ஒன்பது வருஷத்துல ஒரு தடவை வச்சதில்ல."

"எந்தப் பக்கத்துல?"

"போர்டுல. அவன் ஏரியாவுல."

"அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு அத்தான் மேல சந்தேகமா, கெப்பாசிட்டர் மேல சந்தேகமா?"

"வெளையாடாத. அவ கேட்டா அரிசி அளவு இடம். இவன் முடியாது முடியாதுன்னு கத்திட்டுக் கடைசில குடுத்துட்டான். எனக்குக் குடுத்திருக்கானா?"

"நீ கேட்டியா?"

"கேக்கணுமா?"

"ஆள் வந்துட்டாங்க, வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காங்க, வைக்கிறேன்" என்று தங்கை வைத்துவிட்டாள். நல்ல கேள்வியைக் கேட்டுவிட்டு அதற்கு மேல் நிற்காமல் ஓடிப்போவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம்.

அன்றைக்கு வீட்டில் அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னான்.

"அந்தக் கார்டுப் பெட்டியை நாளைக்கு மேல குடுத்து விடறியா? மில்லி கேட்டா."

கார்டுப் பெட்டி என்பது அக்காவின் ஒன்பது வருஷம். பொத்தான், ஊசி வைப்பதற்கு விற்கிற கட்டம் கட்டமான பிளாஸ்டிக் பெட்டி. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு சிம் கார்டுகள். வெளியூர் போகிறவர், வெளிநாடு போகிறவர், யாரையும் அவள் விட்டதில்லை. வரும்போது எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்த ஊர் சிம் கார்டு ஒன்று போதும் என்று வாங்கி வாங்கிச் சேர்த்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் ஒட்டி, எது எந்த வோல்ட்டில் எழும், எது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று மனப்பாடமாக வைத்திருந்தாள். புது போர்டு எது வந்தாலும் இந்த இருநூற்றுப் பன்னிரண்டும் பேசினால்தான் வெளியே போகும். கீழே மாறும்போது அதையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். சார்ஜர் பிரிவில் சிம் கார்டுக்கு ஒரு வேலையும் கிடையாது.

சோதனைக்கு வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தால் பெட்டியை முழுசாகக் கொடுத்திருப்பாள். மில்லி கேட்டா என்றான். அந்த இரண்டு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மறுநாள் காலையில் அவள் மற்றவர்களுக்கு முன்னால் ஆபீஸுக்கு வந்தாள். பெட்டியைத் திறந்து, பட்டியலைப் பார்க்காமலே, இடுக்கியால் பதினோரு கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்பது வருஷமாக அவை பதினொன்றுக்கும் முரட்டுக் கார்டுகள் என்றே பெயர். எல்லாம் பழைய மூன்று வோல்ட் கார்டுகள். ஃபோன் ஒரு முறை கூப்பிட்டால் எழாது, இரண்டாம் முறை முனகும், மூன்றாம் முறைதான் ஒழுங்காகப் பதில் சொல்லும். இதற்காகவே லெவல் தன் பக்கத்தில் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். கார்டு பேசாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தாமல் ரீசெட் கம்பியை மட்டும் தாழ்த்தி உயர்த்தி, மூன்று முறை வரைக்கும் எழுப்பிப் பார்க்கும் ஏற்பாடு.

பதினொன்றையும் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினாள். அப்போது கை நடுங்கியது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. அவளுடைய எண்ணம் சுலபமானது. பெட்டியை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. நல்ல பிள்ளைகளான இருநூற்று ஒன்றும் மில்லியின் போர்டில் பேசிவிடும், போர்டு பாஸாகிவிடும், ஃபோன் வெளியே போகும். வெளியே போனதும் எங்கேயோ ஒரு முரட்டுக் கார்டு மாட்டும், ஃபோன் ஊமையாகும், தலைவர் கீழே இறங்கி வந்து, நீங்களே திரும்பி வந்துடுங்க என்பார். அந்த ஃபோனை வாங்குகிறவர் என்ன பாவம் செய்தார் என்று ஒரு கேள்வி வராமல் இல்லை. அதையும் கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டாள்.

பெட்டியை மேலே கொண்டுபோய் மில்லி கையில் கொடுத்தபோது அந்தப் பெண் திறந்து பார்த்து வாயைப் பிளந்தாள்.

"நீங்களே சேத்ததா அக்கா? எத்தன வருஷமாச்சு இதுக்கு?"

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கி வந்தாள். நன்றி சொல்வதற்கு முன் வந்துவிட வேண்டும் என்று வேகமாக வந்தாள்.

இரண்டு வாரம் ஓடியது. கதவின் அடியில் டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே இருந்தது. மேலே நாளுக்கு நாள் சண்டை வலுத்தது. கம்பி ரொம்ப மெலிசு என்பாள் மில்லி. உன் ரெகுலேட்டர்தான் சோம்பேறி என்பான் லெவல். அதை மாற்றிவிட்டேன் பாருங்கள் என்பாள் அடுத்த நாள். வீட்டுக்கு வந்தால் அவன் முகத்தில் ஒரு தெளிவு தெரியும், ஏதோ நன்றாக ஓடிக் களைத்தவன் மாதிரி. தன்னோடு வேலை பார்த்த நாட்களில் அவன் இப்படிக் களைத்து வந்ததில்லை என்பதை அக்கா கவனித்தாள். கவனித்துவிட்டு இன்னும் கொஞ்சம் எரிந்தாள்.

பதினைந்தாம் நாள் தலைவர் எல்லோரையும் மூன்றாவது மாடிக் கூட்ட அறைக்கு அழைத்தார். அக்காவையும் வரச் சொன்னார். சுவரில் சோதனைத் தாள் பெரிதாகத் தெரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள். இருநூற்று ஒன்றில் பாஸ் என்று எழுதியிருந்தது. பதினொன்று காலியாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் அவள் கணவன் போட்ட ஒரு குறிப்பு: சப்ளை அக்கா.

"இது என்ன, பதினொண்ணு பாக்கலையா?" என்றார் தலைவர்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் லெவல் பேசினான்.

"அது முரட்டுக் கார்டு சார். எப்பவும் அவங்கதான் கடைசியாப் பாப்பாங்க. இந்தத் தடவையும் அவங்களே பாக்கறதா எடுத்து வச்சிருக்காங்க."

அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்துதான் காப்பாற்றுகிறான் என்பது புரிந்தது. காப்பாற்றியதற்கு நன்றி வரவில்லை. போயும் போயும் இந்த மில்லி எதிரிலா என்று கோபம்தான் வந்தது. மில்லி அப்பாவியாக அவளைப் பார்த்து, "நானே கேக்கணும்னு இருந்தேன் அக்கா, உங்களோட சேந்து பாக்கணும்னு" என்றாள்.

"அப்ப இன்னிக்கே பாத்துடுங்க" என்றார் தலைவர். "நீங்க கையெழுத்துப் போட்டா போர்டு அடிக்க ஃபேக்டரிக்கு அனுப்பிடறேன். ஒண்ணு ரெண்டு பேசாமப் போனாலும் மறைக்காமச் சொல்லுங்க. அப்புறம் பழைய ஏற்பாட்டுக்கே போயிடலாம்."

பழைய ஏற்பாடு என்றால் அவள், அவன், அந்த மேசை. கீழே ஓடிப்போய்க் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு படியேறும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கேயோ எப்போதோ மாட்டிக்கொள்ள வேண்டியது இப்போதே, எல்லோர் கண் முன்னால் மாட்டப் போகிறது. பதினொன்றில் ஒன்று பேசாமல் இருந்தால் போதும்.

பழைய மேசையின் முன்னால் அவள் நாற்காலியின் உயரத்தை மில்லி ஏற்றி வைத்திருந்தாள். அக்கா உட்காராமல், முதலில் நெம்பியைத் தட்டி நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அது பெருமூச்சு விட்டு இறங்கியது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள், வலது பக்கம் கணவன், இடது பக்கம் மில்லி.

முதல் கார்டைச் செருகினாள். மின்சாரத்தை வரைந்து காட்டும் ஸ்கோப்பின் திரையில் கோடு ஏறி நின்றது. கடிகாரத் துடிப்பு தொடங்கியது. ரீசெட் உயர்ந்தது. கண் இமைக்கும் நேரத்தில் கார்டின் பதில் வரிசையாக ஓடியது. ஓரத்தில் எழுத்து வந்தது: அழைப்பு ஒன்று.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவதைச் செருகினாள். அழைப்பு ஒன்று. மூன்றாவது ஒரு தீவிலிருந்து வந்தது, பதினொன்றிலும் மகா முரடு, பழைய போர்டில் மூன்றாம் முறையிலும் சில நாள் மக்கர் பண்ணும். அது முதல் அழைப்பிலேயே எழுந்து உட்கார்ந்து பேசியது. நான்காவது, ஐந்தாவது. ஒன்பது வருஷம் வைத்துக் காப்பாற்றிய தன் கார்டுகளிடம் அவள் மனசுக்குள் கெஞ்ச ஆரம்பித்தாள். பேசாதே, நீயாவது பேசாதே. அவை ஒன்றும் அவளுக்கு விசுவாசமாக இல்லை. பதினொன்றும் கேட்டவுடன் பதில் சொல்லின.

"சூப்பர் அக்கா" என்றாள் மில்லி. "நான் போய்த் தாளைப் பிரிண்ட் எடுத்துட்டு வரேன், நீங்களே எழுதுங்க." அவள் ஓடினாள். செருப்புச் சத்தம் நடைவழியில் போய்த் தேய்ந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "இந்தக் கவுண்டர் ஒழுங்கா எண்ணுதா? மூணு தடவை எழுப்பிட்டு ஒண்ணுன்னு காட்டுதோ என்னமோ."

"எண்ணறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் அவன். "மறுபடி எழுப்பற ஏற்பாட்டையே இந்த போர்டுல எடுத்துட்டேன்."

"ஏன்?"

"தேவைப்படல."

அவள் எழுந்து அலமாரியிலிருந்து தன் பழைய போர்டை எடுத்து வந்தாள். தீவுக் கார்டை அதில் செருகினாள். ப்ரோப்பை வழக்கமான இடத்தில், தன் ரெகுலேட்டரின் காலடியில் வைத்தாள். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது. ஒன்பது வருஷமும் அவள் பார்த்த கோடு அதுதான். கார்டு பேசவில்லை. கையிலிருந்த ப்ரோப்பை மெதுவாக நகர்த்திப் புள்ளிக்கோட்டைத் தாண்டி, ஹோல்டரின் காலில், கார்டு மின்சாரம் குடிக்கிற இடத்தில் வைக்கப் போனாள்.

"விடு" என்றான் அவன். "அதைப் பாக்க வேணாம்."

அவள் வைத்தாள். மறுபடி எழுப்பினாள். கார்டு கண் திறந்த அந்த நொடியில் கோடு அப்படியே பள்ளத்தில் விழுந்து ஏறியது. முன்னூறு மில்லிவோல்ட்டுக்கு மேல். கார்டு முரடே இல்லை. எழுந்தவுடன் அது ஒரு வாய் மின்சாரம் கேட்டது, அவளுடைய கெப்பாசிட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தது, கொடுக்க முடியவில்லை. கார்டு மயங்கி விழுந்தது. இரண்டு மூன்று முறை எழுப்பினால் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாய் வந்து சேர்ந்ததை வைத்துச் சமாளித்துப் பேசியிருக்கிறது. இந்த மாதிரிப் பள்ளத்தைத்தான் மில்லி தன் போர்டில் பார்த்தாள், நூற்று இருபதுக்கே கூரை பறக்கக் கத்தினாள்.

லேபில் அவனை எப்போதும் நீங்கள் என்றுதான் சொல்வாள். அன்றைக்கு மறந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா இது?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வருஷம். ஒரு நாள் ஹோல்டர்ல உன் சப்ளை வர்ற காலுல தெரியாம ப்ரோப் வச்சுட்டேன்."

"அதுக்குத்தான் மூணு தடவை எழுப்பறதைப் போட்டியா? கார்டு முரடுன்னு சொன்ன."

"முரடுன்னு பேர் வச்சது நீ. நான் ஆமாம்னேன்."

"ஏழு வருஷம்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே நகத்தி வச்சிருப்பேனே."

"சொன்னா நீ வருத்தப்படுவ."

"அவகிட்ட மட்டும் தொண்டை கிழியக் கத்தற. ரெண்டாவது மாடி வரைக்கும் கேக்குது. அவ வருத்தப்பட மாட்டாளா?"

அவன் யோசிக்காமல் சொன்னான். "அவ வருத்தப்பட மாட்டா. சரி பண்ணிடுவா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே எட்டியது. கையை நீட்டி, பழைய போர்டை அவள் முன்னாலிருந்து எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அவனுடைய சிரிப்பை, அவன் பக்கத்து இடத்தை, நாற்காலியை எல்லாம் அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள் என்று ஆறு மாதம் வெந்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. இவளுக்குக் கொடுக்காததை அவன் அவளுக்குக் கொடுத்திருக்கிறான். உன் வேலை தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான்.

மில்லி மூச்சு வாங்க ஓடி வந்து தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையில் அந்தப் பள்ளம் இன்னும் நின்றிருந்தது. அவளுக்குப் பார்த்தவுடனே புரிந்திருக்கும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, முதல் முறையாக. அக்கா மனசு புண்படுமே என்று அவளும் பேசாமல் நின்றாள்.

அதை அக்காவால் தாங்க முடியவில்லை.

"சொல்லு" என்றாள்.

"என்னக்கா?"

"எத்தன மில்லிவோல்ட்னு சொல்லு. அவர்கிட்டச் சொல்றியே, அதே மாதிரி சொல்லு."

மில்லி லெவலைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்னூத்திப் பத்து அக்கா" என்றாள். பிறகு மெல்ல, "கெப்பாசிட்டர் ரொம்பத் தள்ளி இருக்கு. கம்பியும் மெலிசு" என்றாள்.

"ம். அப்புறம்?"

"அப்புறம் ரெகுலேட்டர் மெதுவா முழிச்சுக்குது."

ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே அக்கா தாளை இழுத்து வைத்து, காலியான பதினோரு வரிசையிலும் பாஸ் என்று எழுதினாள். வரிசையின் ஓரத்தில் அழைப்பு ஒன்று என்று பதினோரு முறை எழுதினாள். எழுதும்போது அந்தப் பெண் மேல் பொறாமை குறைந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இத்தனை நாளும் அவளுக்குத் தகுதியில்லை என்கிற நினைப்பாவது துணைக்கு இருந்தது. இனி அதுவும் இல்லாமல் பொறாமைப்பட வேண்டும்.

கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை மில்லி கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து, நெம்பியைத் தூக்கி, நாற்காலியை அந்தப் பெண்ணின் உயரத்துக்கு ஏற்றி வைத்தாள்.